மணப்பெண்ணுக்கு ஒரு சுழியோடிக் கண்ணாடி

சென்ற ஆவணியில், திருகோணமலையில் எங்கள் வீட்டில், தங்கையின் கலியாண நேரத்தில் நடந்தது இது.

அழகு நிலையத்துக்குப் போன தங்கை, கண் இமைகளில் நீண்ட முடி ஒட்டிக்கொண்டு வந்தாள். இனி வீட்டுக்கு மின்விசிறி தேவையில்லை என்றேன். இமை கொட்டி முறைத்தாள், காற்று வந்தது. கூடவே கட்டளைகளும் வந்தன. கண்ணைக் கசக்கக்கூடாது, குப்புறப் படுக்கக்கூடாது, முக்கியமாக எண்ணெய் படக்கூடாது, பட்டால் பசை விட்டுவிடும். ஒட்டிவிட்டவர் கொழும்புக்குப் போய்விட்டார். உதிர்ந்தால் மணவறையில் ஒரு கண் அடர்த்தி, மறு கண் மொட்டை.

காவலுக்கு என்னை நியமித்தாள். அவள் புரளாமல் இரு பக்கமும் தலையணை அடுக்கினேன். ஆவி பட்டுப் பசை இளகும் என்று, புட்டு அவியும்போது குசினிப் பக்கம் விடவில்லை. இமை வாரும் சின்னத் தூரிகையைக் கழுவிக் கொடுத்தேன். அதால் என் மீசையையும் வாரிப் பார்த்துப் பிடிபட்டேன். பதவி மட்டும் தப்பியது.

கலியாணத்துக்கு முதல் நாள், எண்ணெய் வைத்து முழுகவார்க்கும் சடங்கு. தொடங்கி வைக்க வேண்டியவர் எங்களை வளர்த்த பெரியம்மா. அவர் எண்ணெய் வைத்தால் நெற்றியால் வழிந்து நாடியில் சொட்டும்.

"எனக்கு எண்ணெய் வேண்டாம் பெரியம்மா."

"எண்ணெய் வைக்காமல் என்னடி கலியாணம்? அப்ப நான் ஏன் வந்தனான்?"

பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார். தங்கை அறைக் கதவைச் சாத்தினாள்.

நான் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கடற்கரைக் கிராமமான சல்லிக்கு ஓடினேன். அங்கே கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கும் சுழியோடிக் கூட்டாளி ஒருவன் இருக்கிறான். கண்ணையும் மூக்கையும் மூடி இறுகப் பிடிக்கும் அவனுடைய கண்ணாடியை இரவல் வாங்கி வந்தேன்.

அதை மாட்டிக்கொண்டு தங்கை பலகையில் வந்து அமர்ந்தாள். பெரியம்மா நெடுநேரம் பார்த்தார்.

"டேய் மோனே, இவள் கலியாணம் முடிக்கப் போறாளோ, கடலட்டை பிடிக்கப் போறாளோ?"

வீடே சிரித்தது. மூக்கு அடைபட்ட தங்கை வாயால் மூச்சு வாங்கிச் சிரித்தாள். பெரியம்மா ஆசை தீர எண்ணெய் வைத்தார். கண்ணாடி முழுக்க வழிந்தது. சட்டென்று நிறுத்தி, சேலைத் தலைப்பால் அதைத் துடைத்தார்.

"பிள்ளையின்ர கண்ணைப் பார்க்காமல் எப்பிடி வாழ்த்துறது?"

கழற்றியபோது ஒரு முடிகூட உதிரவில்லை. முகத்தைச் சுற்றித்தான் கணவாய் மீன் கட்டிப்பிடித்ததுபோல் சிவப்பு வளையம். மறுநாள் காலையிலும் அதன் மிச்சம் இருந்தது. மணப்பெண் அலங்காரத்துக்கு வந்தவர் என்னைத் திட்டியபடியே பூசி மறைத்தார்.

ஒட்டிய இமை முடிகள் பிறகு தாமாக உதிர்ந்துவிட்டன. ஆனால் இப்போதும் வீட்டில் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டால், எண்ணெய் வழிந்த அந்தக் கண்ணாடியும் அதைத் துடைத்த தலைப்பும் என் நினைவுக்கு வரும். ஒருவரும் தோற்காத வழி ஒன்று இருக்கும், அது கொஞ்சம் கோமாளித்தனமாக இருந்தாலும் பரவாயில்லை என்று தேடத் தொடங்குவேன்.