ஒடாஹுஹுவைக் கிழித்த கோடு

கிட்டத்தட்டப் பாதிப்பேர் உங்கள் ஊர்க்காரராக இருக்கும் ஒரு சங்கத்தில், நிர்வாகக் குழுவில் உங்களுக்கு ஓர் இடம்கூட இல்லை என்றால் என்ன செய்வீர்கள்? சிரித்துவிட்டுப் போவீர்களா?

ஒடாஹுஹு என்ற புறநகரில் பஸ் ஓட்டும் நிருஜா சிரிக்கவில்லை.

தேநீர் இடைவேளையில் அமெரிக்கத் தேர்தல் செய்திகளை ஒன்றுவிடாமல் பார்ப்பவள் அவள். அங்கே பல மாநிலங்களில் ஆளுங்கட்சியே தொகுதி எல்லைகளை வளைத்து நெளித்துப் போட்டு, எதிராளியின் வாக்குகளைச் சிதறடிக்கும். “இஞ்ச எல்லை கீறுறது தனி ஆணைக்குழு. உந்தப் பருப்பு வேகாது” என்று பெருமையடித்துக்கொண்டிருந்தாள்.

பருப்பு அவளுடைய தமிழ்ச் சங்கத்திலேயே வெந்திருந்தது. முந்நூறு குடும்பங்கள், ஆல்பனி, ரானுயி, ஹோவிக் என மூன்று வட்டாரங்கள், வட்டாரத்துக்கு மூன்று இடம். ஒடாஹுஹுவின் நூற்று நாற்பத்தொரு குடும்பங்களை மூன்றாகக் கிழித்து ஒவ்வொன்றோடும் ஒட்டியிருந்தார்கள். அவள் பஸ் போகும் தெருவில் இடப்பக்க வீடுகள் ஆல்பனி, வலப்பக்க வீடுகள் ரானுயி! சங்கத் தேர்தலில் ஒன்பது இடத்திலும் ஒடாஹுஹு தோற்றது. புதிய குழு முதல் வேலையாக ஒடாஹுஹு தமிழ் வகுப்பை மூடி ஆல்பனிக்கு மாற்றியது.

“அவ்வளவு தூரமா? நோ வே, அம்மா” என்றாள் மகள் லோஜனா.

நிருஜா சங்கத் தலைவர் தண்டபாணியிடம் போனாள்.

“வட்டாரத்துக்கு நூறு குடும்பம். மூணும் சமம். இதுல என்னம்மா அநியாயம்?”

“நூறு சரி, ஐயா. ஒவ்வொரு நூறிலயும் நாங்கள் நாற்பத்தேழு. மூண்டு இடத்திலயும் தோக்கத்தானே எங்களை மூண்டாப் பிரிச்சனீங்கள்?”

“அமெரிக்கா அரசியலை எதுக்கு இங்க இழுக்கறீங்க?”

“நான் இழுக்கேல்லை. கோட்டைக் கீறினது நீங்கள்.”

சங்க விதிப்படி, பாதிக்கு மேற்பட்ட குடும்பங்கள் கையெழுத்திட்டால் சிறப்புப் பொதுக்கூட்டம் கூட்டியே ஆகவேண்டும். அதாவது நூற்றைம்பத்தொன்று. ஆறு வாரம், தன் விடுமுறை நாள் எல்லாவற்றிலும், நிருஜா கையெழுத்துத் தாளோடு வீடுவீடாகப் படியேறினாள். “உன்ர பஸ்தான் ஒரு நாளும் நேரத்துக்கு வாறேல்லை, நீ மட்டும் விடாமல் வாறாய், பிள்ளை!” என்று சீண்டிய ஒடாஹுஹு முதியவர் குணரத்தினமும் மூன்றாம் தடவை பேனாவை எடுத்தார். ஒடாஹுஹுவில் ஒரு வீடு மிச்சமில்லை. அப்படியும் பத்து குறைந்தது.

அதனால் ரானுயிக்குப் போனாள். அங்கே வித்தியா தாளை இரண்டு முறை வாசித்தாள். “இந்தக் கோட்டால எங்களுக்கு லாபம்தான், அக்கா. எண்டாலும் இது வெட்கக்கேடு.” கையெழுத்துப் போட்டாள். அக்கம்பக்கத்தில் இன்னும் இருவரைக் கூட்டிவந்தாள்.

இன்னும் ஏழு வேண்டும். வாக்குகளின் விகிதப்படி இடங்கள் என்பதுதான் அந்தத் தாளில் உள்ள ஒரே கோரிக்கை. ஞாயிறு மாலையோடு கையெழுத்துச் சேர்க்கும் தவணை முடிகிறது. ஆல்பனிக்காரரே, ஹோவிக்காரரே, யார் சொல்வதையும் நம்ப வேண்டாம். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். சரியென்று பட்டால், ஞாயிறு மாலைக்குமுன் நிருஜாவிடம் வந்து கையெழுத்திடுங்கள்.