கொட்டகைக்குப் பின்னால் கிடந்த பலகைகள்

பரமேஸ்வரி ரீச்சர் இறந்த செய்தியை எனக்கு ஒருவரும் வந்து சொல்லவில்லை. நானே வாசித்தேன். நெடுந்தீவு இறங்குதுறைச் சுவரில் அஞ்சலித் துண்டு ஒட்டியிருந்தது. எழுத்துக் கூட்டிப் பெயரைக் கடந்தேன். அடுத்த வரி, ‘இன்சொல்லால் எல்லோரையும் கவர்ந்தவர்’. அப்படியென்றால் இது வேறு பரமேஸ்வரி என்று ஆறுதலடைந்தேன். கீழே ‘தையல் ஆசிரியை, தொழிற்பயிற்சிப் பாடசாலை’ என்று கண்டபிறகு அந்தச் சுவரிலேயே சாய்ந்து நின்றேன்.

ரீச்சரைத் தெரிந்த உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இன்சொல் அவர் வாயில் வந்ததே இல்லை. அந்த அஞ்சலித் துண்டை அச்சடித்தவர்கள் அவரிடம் ஏச்சு வாங்கும் தூரத்துக்குக்கூட அந்தப் பக்கம் வராதவர்கள்.

அவருடைய வாயை எனக்கு அறிமுகப்படுத்தியது என் மாடு. சிறுவயதிலேயே தெற்கில் ஒரு கடைக்கு வேலைக்கு அனுப்பப்பட்டவன் நான், பள்ளிக்கூடம் அறியேன். வயது போய் ஊர் திரும்பி மாடு வளர்த்தேன். கல்மதில் இடிந்த இடத்தால் என் பசு நாள்தோறும் தையல் வகுப்பு வாசலில் போய் நிற்கும். ஒரு காலை பிடிக்கப் போனேன்.

“அண்ணை, உங்கட மாடோ?”

“ஓம் ரீச்சர். இனி வராமல் பார்க்கிறன்.”

“விடுங்கோ. இந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்கா வாறது அது ஒண்டுதான். படகில வாற மாஸ்ரர்மாருக்குக் கடல் சரியில்லையாம்.”

நான் கடலைப் பார்த்தேன். கிணற்றுத் தண்ணீர்போலக் கிடந்தது.

பிறகுதான் காரியத்தைச் சொன்னார். ஆள் குறைந்தால் வகுப்பை மூடிவிடுவார்களாம். மிஞ்சியிருந்தது மூன்று பெட்டைப்பிள்ளைகள். “நீங்களும் சேருங்கோ அண்ணை.”

“எனக்குக் கையெழுத்துப் போடவே ஏலாது ரீச்சர்.”

“அப்ப அதிலயிருந்து தொடங்குவம்.”

எனக்கேற்ற புத்தகம் அங்கே இல்லை. வகுப்புக் கொட்டகைக்குப் பின்னால் அடுக்கிக் கிடந்த பழைய பெயர்ப்பலகைகளை என் முன்னால் நிமிர்த்திவைத்தார். அந்தப் பாடசாலையின் முழு வரலாறும் அவற்றில் இருந்தது. ‘நெசவு’ என்றது ஒன்று; தறி வந்தது, நூல் வரவில்லை. ‘குளிரூட்டி திருத்துதல்’ என்றது இன்னொன்று. அப்போது அங்கே மின்சாரமே இல்லை. ‘விருந்தோம்பல்’ தொடங்கிவைக்க வந்த பெரியவருக்கு, பயிற்சிக்கு வாங்கிய கோப்பையில் தேநீர் கொடுத்ததோடு பயிற்சி முடிந்தது. ஒவ்வொன்றையும் ஒருவர் ரிப்பன் வெட்டித் திறந்தார். மூடும்போது ஒருவரும் வரவில்லை.

“எழுத்தை மட்டும் பாருங்கோ அண்ணை. சொல்லுறதை நம்பாதேங்கோ” என்பார் ரீச்சர். ‘நெ’ என்ற எழுத்து எனக்குப் பிடிபட்ட அன்று, வீடு போகும்வரை அதைச் சொல்லிக்கொண்டே நடந்தேன்.

தையலையும் மூட ஒரு அதிகாரி வந்தார். “இந்த ஐயா இங்க என்ன செய்யிறார்?”

“சட்டை தைக்கப் பழகுறார். நீங்கள் போட்டிருக்கிற மாதிரியில்லை, தோள் பொருந்திற சட்டை.”

அதிகாரிக்கு முகம் கறுத்தது. சட்டை அளவுகள் எழுதியிருந்த கரும்பலகையை என்னை வாசித்துக் காட்டச் சொன்னார். நான் எழுந்தேன். கழுத்து அகலத்தை எழுத்துக் கூட்டி முடித்தேன். தோளுக்கு வந்தேன். மார்புச் சுற்றில் நிற்கும்போது அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பின்னேரப் படகு புறப்படப் போகிறது. ஃபைலை மூடிக்கொண்டு துறைக்கு ஓடினார். மறுபடி வரவில்லை.

“நல்லகாலம், நீங்கள் கெதியா வாசிக்கேல்லை” என்றார் ரீச்சர். அவர் என்னைப் புகழ்ந்தது அந்த ஒருமுறைதான்.

ரீச்சரின் செத்தவீட்டுக்கு வராத அதிகாரிகள் போன கிழமை படகேறி வந்தார்கள். வகுப்பு வாசலில் ‘பரமேஸ்வரி நினைவுத் தையற்கூடம்’ என்று புதுப் பலகை மாட்டினார்கள். ரிப்பனும் வெட்டினார்கள். உள்ளே படிப்பிக்க ஆளில்லை. மூத்த மாணவன் என்று என்னையும் பேசச் சொன்னார்கள்.

“பலகை வடிவாயிருக்கு. புது ரீச்சர் எப்ப வருவா?” என்று கேட்டேன்.

“கடல் கொஞ்சம் அமரட்டும் ஐயா, அனுப்புறம்.”

“அமந்துதானே கிடக்கு. நீங்கள் அதிலதானே வந்தனீங்கள்?”

பெட்டைகள் சிரித்துவிட்டார்கள்.

ரீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவருடைய வாயை. அதோடு, வருத்தம் கூடி யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவர் என் கையில் தந்த வகுப்புத் திறப்பு. காலையில் அதைப் பூட்டில் போட்டுக் கதவைத் திறக்கிறேன். பெட்டைகள் தைக்கிறார்கள், நான் அளவு வாசிக்கிறேன். மூட ஒருவர் வந்தால் அவருக்கும் வாசித்துக் காட்டுவேன். மெதுவாக.