கரையாத ஐஸ்

ஃப்ரீசரில் கண்ணாடிப் பாத்திரம் வைக்கக் கூடாது என்பது ஃபிரிட்ஜோடு வந்த கையேட்டின் விதி. ராஜபாளையத்தில் எங்கள் தெரு முழுவதற்கும் அதை வாசித்துக் காட்டியவன் நான். ஆனாலும், வடிகட்டிய தயிரில் மாம்பழத்தை மசித்து, பார்வைக்கு அழகாக இருக்குமென்று கண்ணாடி ஊறுகாய் பாட்டிலில் உறைய வைத்தேன். அவ்வப்போது எடுத்துக் கிளறவும் செய்தேன்.

முதல் கரண்டியை வாயருகே கொண்டுபோன என் மனைவி சரோஜா நிறுத்தினாள். "ஏங்க, என்னமோ மின்னுதே?"

"ஐஸ் துகள். சாப்பிடு."

அவள் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "ஐஸுன்னா கரையணும்ல? செத்த நேரமாச்சு, அப்படியே இருக்கு. இதையா என்னைய முழுங்கச் சொன்னீக?"

பாட்டிலின் அடியில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. நல்லவேளை, யாரும் வாயில் வைக்கவில்லை. அம்புட்டையும் கொட்டினோம்.

இப்போதெல்லாம் எவர்சில்வர் டப்பாதான். எச்சரிக்கையை ஃபிரிட்ஜ் கதவிலேயே ஒட்டி விற்கும்படி, பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் நாங்கள் ஃபிரிட்ஜ் வாங்கிய கடைக்கு அன்றே எழுதினேன். 'பரிசீலிக்கிறோம்' என்ற பதில், மாம்பழமெல்லாம் ஓய்ந்த பிறகு வந்தது, மார்கழி முதல் தேதி.