பீரோவில் இருந்த சான்றிதழ்கள்

ஆண்டை எழுதினால் ஆள் யாரென்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரிந்துவிடும். அதனால் எழுபதுகளின் நடுப்பகுதி என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். மாதமும் கிழமையும் என் டைரியில் உள்ளபடியே.

அப்போது நான் ஒரகடத்திலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஓர் உயர்நிலைப்பள்ளியில் எழுத்தர். சம்பளப் பட்டியலிலிருந்து கல்வி அலுவலகத்துக்குப் போகும் கடிதங்கள் வரை எல்லாம் என் கையெழுத்தில்தான் இருக்கும். ஏரி எந்த நாளில் நிரம்பிக் கலங்கல் போனது, எந்த நாளில் முதல் டவுன் பஸ் ஊருக்குள் திரும்பியது என்றெல்லாம் குறித்துவைக்கும் பழக்கமும் எனக்கு உண்டு. யாருக்காவது தேதி வேண்டுமென்றால் என்னிடம் வருவார்கள்.

பள்ளியில் விஞ்ஞான ஆசிரியர் இடம் காலியாக இருந்தது. நிரந்தர ஆளை அரசு அனுப்பும்வரை, ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு பட்டதாரியைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளலாம். அப்படி இரண்டு பேரை வைத்தோம். ஒருவர் செப்டம்பரில் அம்பத்தூர் கம்பெனிக்குப் போனார். அடுத்த ஆண்டு வந்தவர் பாங்கு வேலை கிடைத்து நவம்பரில் போனார். இரண்டு முறையும் எஸ்.எஸ்.எல்.சி. வகுப்பு பாதிப் பாடத்தோடு நின்றது. மீதியைத் தமிழாசிரியர் நடத்தினார். அவர் நல்ல மனிதர். ஆனால் வேதியியல் சமன்பாட்டையும் செய்யுளைப்போலச் சீர் பிரித்துப் படிக்கச் சொல்வார். தேர்வு முடிவு வந்த அன்று பள்ளிச் சுவரில் ஒட்டிய தாளைப் பார்க்கப் பிள்ளைகள் கூட்டமாக வரவில்லை. ஒவ்வொருவராக வந்து, பார்த்துவிட்டு, ஏரிக்கரைப் பக்கமாகவே திரும்பிப் போனார்கள்.

ஹெட்மாஸ்டர் சொல்வார்: "பி.எஸ்ஸி. படிச்சவன் வாத்தியார் வேலையில பஸ் ஸ்டாப்புல நிக்கிற மாதிரி நிக்கிறான்யா. வேற பஸ் வந்தா ஏறிடறான்."

அதனால்தான் அடுத்து வருபவரிடம் ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி பீரோவில் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தார். ஆணை என்று எழுத்தில் எதுவும் இல்லை. அந்த நாளில் பல இடங்களில் இருந்த வழக்கம்தான். பீரோ சாவி என்னிடம் இருந்தது.

பக்கத்துக் கிராமத்தில் ஒரு பெண் அந்த மே மாதம்தான் வேதியியலில் பி.எஸ்ஸி. முடித்திருந்தாள். அந்த ஊரில் கல்லூரிப் படி ஏறிய முதல் பெண். அம்பத்தூரில் ஒரு மருந்துக் கம்பெனி, பரிசோதனைக்கூட வேலைக்கு அவளை நேரில் வரச்சொல்லிக் கார்டு போட்டிருந்தது. விஷயம் தெரிந்ததும் ஆனி மாதம் இரண்டாவது ஞாயிறன்று ஹெட்மாஸ்டரும் நானும் சைக்கிளில் அவள் வீட்டுக்குப் போனோம்.

ஹெட்மாஸ்டர் அரசாங்க வேலையின் பாதுகாப்பைப் பற்றிப் பேசினார். நான் வேறுவிதமாகப் பேசினேன். நிறையப் படித்தவன் என்ற எண்ணம் எனக்கு. இந்த நாட்டில் விஞ்ஞானம் கம்பெனிச் சுவருக்குள் போய் அடைந்துகொள்கிறது, வயற்காட்டுப் பிள்ளைக்கு அது கிடைப்பதேயில்லை என்றெல்லாம் சொன்னேன். அவள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அப்பா இரண்டு ஏக்கர் நஞ்சை வைத்திருந்தவர். சேற்றுக் காலோடு வந்து உட்கார்ந்திருந்தார்.

"கம்பெனில கூப்டறான். நீங்க இன்னும் ஒரு வருசம் படிக்க சொல்றீங்க. இன்னா சார் இது?" என்றார் அவர்.

பி.எட். முடித்து வந்தால் முதலில் எங்கள் பள்ளியிலேயே தற்காலிக இடம், காஞ்சிபுரம் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவைத்தால் வரிசைப்படி நிரந்தர வேலை என்று விளக்கினேன். பதிவு தேதியின் வரிசைதான் எல்லாம், யார் சிபாரிசும் வேண்டாம் என்று நான்தான் அழுத்திச் சொன்னேன். அவள் அப்போது ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பதியும் தேதி பி.எஸ்ஸி.க்கா, பி.எட்.டுக்கா? பி.எட்.டுக்கு என்றேன். அவள் தலையசைத்தாள். அம்பத்தூர் கார்டுக்குப் பதில் போடவில்லை.

சென்னையில் விடுதியில் தங்கிப் பி.எட். முடித்தாள். மறு ஆண்டு ஜூலை முதல் வாரத்தில் தேர்வு முடிவு வந்தது. இரண்டாவது வாரம் எங்களிடம் வேலைக்குச் சேர்ந்தாள். அன்றிலிருந்து அவள் எல்லாருக்கும் டீச்சர். எனக்கும்தான்.

சேர்ந்த அன்று அவள் அப்பாவும் கூட வந்திருந்தார். ஒரிஜினல்களை ஒப்படைக்க வேண்டும் என்று ஹெட்மாஸ்டர் சொன்னபோது டீச்சர் தயங்கினாள். அப்பாவுக்கோ நிம்மதியாகப் போயிற்று.

"எங்குளுது ஓல வூடு சார். மழ வந்தா ஒழுவும். பள்ளிக்கொடத்து பீரோலயே கெடக்கட்டும். இதவிட பந்தோபஸ்து எங்க கீது?"

பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்கள், பி.எட். தற்காலிகச் சான்றிதழ் என்று பதிவேட்டில் வரிசையாக எழுதி, உறையில் போட்டு, பீரோவின் மேல்தட்டில் வைத்துப் பூட்டினேன்.

டீச்சர் வந்தபிறகு பள்ளி மாறியது. ஆய்வுக்கூடம் என்பது எங்களுக்கு ஓர் அலமாரி. அதில் இரண்டு ஸ்பிரிட் விளக்கு, உடைந்த தராசு, பெயர்ச்சீட்டு உதிர்ந்த புட்டிகள். அவள் படப்பையில் மருந்துக்கடையில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் வாங்கிவந்து, பிள்ளைகள் கண்ணெதிரே சூடாக்கி ஆக்சிஜன் தயாரித்துக் காட்டினாள். அணையப்போன ஊதுவத்தி குழாய்க்குள் போனதும் குப்பென்று எரிந்தது. வராந்தாவில் நின்று நானும் பார்த்தேன். பின்வரிசையில் வழக்கமாகத் தூங்குகிறவர்கள் எழுந்து நின்றிருந்தார்கள்.

ஜூலை கடைசி வெள்ளிக்கிழமை, காஞ்சிபுரம் போய்ப் பதிய வேண்டும் என்று ஹெட்மாஸ்டரிடம் சான்றிதழ்களைக் கேட்டாள். தற்காலிக நியமன அனுமதி கல்வி அலுவலகத்திலிருந்து வரட்டும் என்றார். அனுமதி ஆகஸ்டில் வந்தது. காலாண்டுத் தேர்வு முடியட்டும் என்றார். பதிவுக்கு ஒரிஜினலைக் காட்டியாக வேண்டும். நகலை எடுத்துக்கொண்டு போய்ப் பயனில்லை என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

செப்டம்பரில் அவள் என்னிடம் தனியாக வந்தாள். மதிய இடைவேளை. ஹெட்மாஸ்டர் சாப்பிடப் போயிருந்தார்.

"ஒரே ஒரு நாளைக்கு குடுங்க சார். காலைல எடுத்துகினு போயி சாயங்காலமே கொண்டாந்து வெச்சிடறேன்."

ஹெட்மாஸ்டரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

கேட்டேன். அவர் என்னைத்தான் திருப்பிக் கேட்டார்: "குடுத்தா திரும்பி வருவாங்கன்னு நீ எழுதிக் குடுப்பியா?" அம்பத்தூர் கம்பெனியிலிருந்து மறுபடியும் கார்டு வந்திருப்பதாக ஊரில் பேச்சு இருந்தது. உண்மையா என்று நான் விசாரிக்கவில்லை. சுவரில் ஒட்டிய அந்தத் தாள்தான் என் கண்முன் நின்றது. எழுதிக் கொடுக்க நான் தயாராக இல்லை.

மறுநாள் டீச்சரிடம் போய், நான் சொன்ன சொல் இது: "பரீட்சை முடியட்டும்மா. ஆறு மாசத்துல என்ன போயிடப்போவுது?"

ஏரி நிரம்பிய நாளைக் குறித்துவைக்கிறவன் சொன்ன சொல். அவள் என்னை நம்பினாள் என்பதுதான் இப்போதும் என்னை உறுத்துகிறது. தேதி விஷயத்தில் இவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று ஊரே சொல்லும்போது அவள் எப்படி நம்பாமல் இருப்பாள்? அதற்குப்பிறகு அரையாண்டுத் தேர்வு விடுமுறையின்போது ஒருமுறை கேட்டாள். பொங்கலுக்குப் பிறகு கேட்கவில்லை. மாலையில் எஸ்.எஸ்.எல்.சி. பிள்ளைகளுக்குத் தனியாகப் பாடம் நடத்தி, கடைசி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள்.

ஏப்ரலில் அரசுத் தேர்வின் விஞ்ஞானத் தாள் முடிந்த மறுநாள், வியாழக்கிழமை, நானே பீரோவைத் திறந்து உறையை எடுத்துக் கொடுத்தேன். அன்றே காஞ்சிபுரம் போய்ப் பதிந்தாள். சொன்னபடியே சாயங்காலம் திரும்பி வந்து உறையை என் மேஜையில் வைத்தாள். பதிவு அட்டையையும் காட்டினாள். தேதி தெளிவாக இருந்தது. அன்றைய டைரியில் அதையும் எழுதிவைத்தேன்.

தேர்வு முடிவு வந்தபோது, பல ஆண்டுகளுக்குப் பிறகு சுவரின் முன் கூட்டம் கூடியது. ஹெட்மாஸ்டர் எல்லாருக்கும் சாக்லேட் கொடுத்தார். டீச்சரின் தற்காலிக நியமனத்தை இன்னும் ஓர் ஆண்டுக்கு நீட்டிக்கச் சொல்லி நான் கடிதம் எழுதினேன்.

அந்த ஆண்டு ஐப்பசி மழையில் அவர்கள் வீட்டுக் கூரை உண்மையாகவே ஒருபக்கம் இறங்கியது. பள்ளியில் எல்லாரும் அவளிடம், நல்லவேளை சான்றிதழ்கள் இங்கே இருந்தன என்றார்கள். நானும் சொன்னேன்.

நவம்பர் கடைசியில் கல்வி அலுவலகத்திலிருந்து உறை வந்தது. நான்தான் பிரித்தேன். மாவட்டத்தில் காலியாக இருந்த விஞ்ஞான இடங்களுக்கு நிரந்தர நியமனம். முந்தைய டிசம்பர் முடிய பி.எட். பதிவு செய்தவர்கள்வரை அழைத்திருந்தார்கள். அவள் பதிவு ஏப்ரலில். எங்கள் பள்ளி இடத்துக்கும் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. ஹெட்மாஸ்டர் கடிதத்தை இரண்டுமுறை படித்துவிட்டு மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். "நம்ம கையில ஒண்ணும் இல்ல" என்றார். பதினேழு மாதங்களாக பீரோ சாவி என் இடுப்பில்தான் இருந்தது.

டீச்சரை அழைத்துச் சொன்னோம். பட்டியலை வாங்கிப் பார்த்தாள். எங்கள் பள்ளிக்கு நேராக இருந்த பெயரில் விரலை வைத்தாள்.

"இது எங்க ரூம்மேட்டு சார். பி.எட்.ல ஒரே ரூம்தான். ரிசல்ட் வந்த அன்னிக்கே எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சுக்குப் போனா. என்னயும் வா வான்னு கூப்டா. நான்தான் ஸ்கூல்ல சேந்துட்டு அப்புறம் போறேன்னேன்."

அழவில்லை. குரலும் உயரவில்லை. அடுத்த மணி எட்டாம் வகுப்பு, அதற்குப் போய்விட்டாள்.

புதியவர் டிசம்பர் முதல் திங்களன்று வந்தார். நிரந்தர ஆள் சேர்ந்த அன்றே தற்காலிக ஆள் விலக வேண்டும் என்பது விதி. இருவரும் அலமாரியின் முன் நின்றதைப் பார்த்தேன். டீச்சர் ஒவ்வொரு புட்டியாக எடுத்துக் காட்டி, எதில் என்ன இருக்கிறது, எந்த விளக்கின் திரி சரியில்லை, எந்தப் பையனுக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டும் என்று ஒப்படைத்துக்கொண்டிருந்தாள். வந்தவர்தான் அழுதார். "எனக்குத் தெரியாதுடீ. இந்த ஸ்கூல்னு தெரிஞ்சிருந்தா வேற எடம் கேட்டிருப்பேன்" என்றார். டீச்சர் அவர் தோளில் கை வைத்து, மணி அடிக்கப்போகிறது, வகுப்புக்குப் போகச் சொன்னாள்.

விடுவிப்பு ஆணையை ஹெட்மாஸ்டர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பணி திருப்திகரமாக இருந்தது என்று ஒரு வரி சேர்க்கலாமா என்று கேட்டேன். தற்காலிக ஆளுக்கு அந்த வழக்கம் இல்லை என்றார். அதையும் அப்படியே ஏற்றுக்கொண்டேன்.

பிறகு பீரோவைத் திறந்து உறையை எடுத்தேன். பதிவேட்டைப் பிரித்து, ஒரிஜினல்கள் பெற்றுக்கொண்டேன் என்ற இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னேன். அவள் தாள்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். பேனாவை எடுத்தவள் எழுதாமல் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் அவளுக்கு மேலே, ஒரு நாள் மட்டும் எடுத்துப் போனவர்கள், மறுநாள் திருப்பிக் கொடுத்தவர்கள் என்று ஏழெட்டுக் கையெழுத்துகள் இருந்தன. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை நகலெடுக்க வாங்கிப்போன மாணவர்கள், கல்வி அலுவலகத்துக்குக் கோப்பு கொண்டுபோன ஆசிரியர்கள். நானே கோடு போட்டு உண்டாக்கிய பக்கம் அது.

"நான் கேட்டப்பவே இந்த மாதிரி கையெழுத்து வாங்கினு எனக்கும் ஒரு நாளைக்கு குடுத்திருக்கலாமே சார்" என்றாள்.

நான் ஹெட்மாஸ்டர் அறையின் கதவைப் பார்த்தேன். அவள் அந்தக் கதவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். பிறகு கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டாள். உறையைப் புடவைத் தலைப்பில் மூடிக்கொண்டு வராந்தாவைக் கடந்தபோது உள்ளே புதியவரின் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் சிலர் எழுந்து நின்றார்கள். உட்காரும்படி கையைக் காட்டிவிட்டுப் போனாள்.

அவள் பதிவு வரிசை அடுத்த பட்டியலில் வரும் என்று எதிர்பார்த்தோம். விஞ்ஞானப் பட்டதாரிப் பெண்களுக்கு அடுத்த பட்டியல் வருவதற்குள் பல ஆண்டுகள் போய்விட்டன. அதற்குள் அம்பத்தூரில் அவளுக்கென்று இருந்த இடமும் போய்விட்டது. பரிசோதனைக்கூடத்துக்குப் புதிதாகப் படித்து வந்தவர்களைத்தான் எடுத்தார்கள். இடையில் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. விஞ்ஞானப் பட்டதாரிகளை ஆசிரியப் பணிக்கு ஊக்குவிக்குமாறு தலைமையாசிரியர்களைக் கேட்டுக்கொண்டது. வந்த தேதியைக் குறித்து, கோப்பில் வைத்தேன். ஹெட்மாஸ்டர் இன்னொரு பட்டதாரியின் வீட்டுக்குப் போகலாம் என்று என்னைக் கூப்பிட்டார். காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். அவர் மட்டும் போனார்.

டீச்சர் போய் இரண்டு ஆண்டுகள் கழித்து, ஒரு மாசி மாதச் சனிக்கிழமை, உரம் வாங்க நின்ற வரிசையில் அவள் அப்பாவைப் பார்த்தேன். எனக்கு முன்னால் நின்றிருந்தார். டீச்சர் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன். வரிசை ஓரடி நகர்ந்தது.

"கிண்டில ஒரு கம்பெனி சார். மாத்திர பேக்கிங்ல கீது. ஷிப்ட்டு வேல. எட்டாவது படிச்ச பொண்ணுங்களும் அதே லைன்லதான் ஒக்காந்துனு கீதுங்க." சாக்கை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டார். "ஊர்ல இன்னும் டீச்சரு, டீச்சருன்னு கூப்டறாங்க. அப்டி கூப்டாதீங்கன்னு சண்ட போடுது. நீங்களும் பாத்தா அப்டி கூப்டாதீங்க சார்."

சரி என்றேன்.