இரட்டைப் பாறையைத் தாண்டி

எங்கள் ஆற்றை ஆறு என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். நகரியைத் தாண்டி எங்கள் ஊர்ப்பக்கம் அது வருஷத்தில் முக்கால்வாசி நாளும் வெறும் மணல். அதில் பைக் ஓட்டிப் போவோம். நடுவில் நிற்கும் இரட்டைப் பாறையின் நிழலில் உட்கார்ந்து கூழ் குடிப்போம். ஊரில் ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. எதற்குத் தெரிய வேண்டும்?

அந்தக் கார்த்திகையில் புயல் மழை கொட்டி, விடிவதற்குள் ஆறு கரையைத் தொட்டுவிட்டது. அக்கரையில் எங்கள் நிலம். அங்கே கொட்டகையில் என் மனைவியின் மாடு, இன்றோ நாளையோ கன்று போடும் நிலையில் இருந்தது. அவளுக்கு முதலில் மாடு, பிறகுதான் நான் என்று ஊரெல்லாம் சொல்லி அவளைக் கேலி செய்வேன். அந்தக் கேலியில் கொஞ்சம் நிஜமான வருத்தமும் இருந்தது.

"ஈனப் போற மாட்ட அப்படியே உட்டுட்டு எப்படிங்க சோறு துன்றது? நீங்க இருங்க, நான் போறேன்."

"நீ போய்க்கினே இரு, நான் இங்க குந்திக்கினு வேடிக்கை பாக்கறேன்" என்று எரிந்து விழுந்தேன். மழை ஓய்ந்ததும் இரண்டு டிராக்டர் ட்யூப்களுக்குக் காற்றடித்து, மேலே பலகை வைத்துக் கட்டியதும் நான்தான். துடுப்புக்கு ஆளுக்கொரு பனைமட்டை.

தண்ணீர் எங்களை இழுத்துக்கொண்டு ஓடியது. தினமும் ஆற்றுக்குள் புல் அறுப்பவள் அவள். தண்ணீருக்கு அடியில் இருப்பதையெல்லாம் கண்ணால் பார்ப்பதுபோலச் சொல்லிக்கொண்டே வந்தாள். இரட்டைப் பாறைக்கு நடுவில் தண்ணீர் வெள்ளை வெளேரென்று நுரைத்துச் சரிந்தது.

"எடப்பக்கம் தள்ளுங்க! தள்ளுங்க!"

தள்ளினோம். ட்யூப் எகிறி, பொத்தென்று விழுந்து, அந்தப் பக்கம் வந்துவிட்டது. நான் சந்தோஷத்தில் கத்தினேன். அவளும் சிரித்தாள்.

கரை கிட்டத்தில் தெரிந்தது. அங்கே முழங்கால் அளவுக்கு மேல் இருக்காது, மணல் மேடு. ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்பார்கள். ஆழம் தெரியும் என்ற தைரியத்தில்தான் நான் காலை விட்டேன். கோடையில் டிராக்டர்காரர்கள் அந்த மேட்டையே வாரிக்கொண்டு போனதும், அவர்களோடு நானே சண்டை போட்டதும் காலுக்கு ஞாபகம் இல்லை. தலைக்கு மேல் தண்ணீர்.

"யோவ்!"

'ஏங்க' என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லி அவள் என்னைக் கூப்பிட்டதில்லை. தலைமயிரை யாரோ வேரோடு பிடுங்குவதுபோல் இருந்தது. கரையோரம் ஒதுங்கிய பலகையில் குப்புறப் படுத்து, ஒரு கையால் நொச்சிச் செடியையும் மறு கையால் என் மயிரையும் பிடித்திருந்தாள். நாங்கள் சேற்றில் ஏறி விழுந்தபோது ட்யூப்கள் எங்கோ போய்விட்டன.

கொட்டகையிலிருந்து மாடு கத்தியது. அடிவயிற்றிலிருந்து வரும், கன்று போடும்போது கத்துகிற கத்தல்.

"மாடு கத்துது பாரு, போம்மே" என்றேன்.

அவள் என் தலையை மடியில் போட்டு, இரண்டு கையாலும் மயிரைப் பிடித்தபடியே அழுதுகொண்டிருந்தாள்.

"கத்தட்டும்" என்றாள்.