வேன்காரர் குடித்த தே ஓ

முப்பது வருடங்களுக்கு முன்னால் இங்கிலாந்தின் வடபகுதியில் ஒரு வருடம் படித்தேன். படித்தேன் என்பது குடும்பத்துக்குச் சொன்னது, உண்மையில் நடுங்கினேன். என் அறையின் ஹீட்டர் பாதி நாள் வேலை செய்யாது. கல்லூரித் திரைப்படச் சங்கத்தின் கூடத்தில் மட்டும் நன்றாகச் சூடாக இருக்கும். அங்கே வாரம் இரண்டு படம். எல்லாம் பிரிட்டிஷ் சமூக யதார்த்தப் படங்கள்: தொழிலாளிக் குடும்பங்கள், அவர்களின் பிள்ளைகள், அவர்களின் மழை. குளிர் காயப் போனவன் ரசிகனாகத் திரும்பி வந்தேன். என் கலை ரசனையின் வேர் எங்கே என்று யாராவது கேட்டால், சுவரோரம் ஓடிய ஒரு வெந்நீர்க் குழாயைத்தான் காட்ட வேண்டும்.

இருபது படம் பார்த்ததும் விதிகள் மனப்பாடமாகிவிட்டன. வானம் சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டும். பதினாறு பதினேழு வயதுப் பிள்ளை ஒன்று செங்கல் சுவரில் சாய்ந்து நிற்க வேண்டும். அப்பா குடிக்க வேண்டும். குடிக்கவில்லையென்றால் ஓடிப்போயிருக்க வேண்டும். அம்மா தேநீர் போட்டுக்கொண்டே இருப்பார், யாரும் குடிக்க மாட்டார்கள். வேலை கொடுக்கும் அலுவலகத்தில் இருப்பவர் படிவத்தைப் பார்த்துப் பேசுவாரே தவிர முகத்தைப் பார்க்க மாட்டார். பிள்ளைக்கு ஏதோ ஒரு திறமை இருக்கும், படம் முடிவதற்குள் அது பறிபோகும். பாட்டு கிடையாது. பெரிய நடிகர்கள் கிடையாது. அந்தத் தெருக்காரர்களே அவரவர் சட்டையோடு வந்து நிற்பார்கள். கேமரா கையில் ஆடும். கடைசியில் பிள்ளை எங்கேயோ ஓடும், அல்லது நின்று நம்மைப் பார்க்கும். நாம் வெட்கப்பட்டுக்கொண்டே வெளியே வந்து, பசிக்கிறதே என்று பொரித்த மீன் வாங்கித் தின்போம்.

மலேசியாவுக்குத் திரும்பி ஜொகூர் பாருவில் ஒரு தனியார் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பத்திரிகைக்கு நகைச்சுவைக் கட்டுரை. சிரித்ததாகச் சொன்னவர்கள் பெரும்பாலும் உறவினர்கள். ஐம்பத்து மூன்று வயதில் ஒருநாள், உழைக்கும் இளையோரைப் பற்றிக் குறும்படப் போட்டி என்று ஓர் இளைஞர் மன்றத்தின் அறிவிப்பைப் பார்த்தேன். முப்பது வருடங்களாக உள்ளே தேங்கிக் கிடந்த சாம்பல் வானம் எல்லாம் ஒரே நாளில் திரண்டது.

உழைக்கும் இளையவர் ஒருவர் என் குடும்பத்திலேயே இருந்தார். சாஆ என்னும் சிற்றூரில் இருக்கும் என் தங்கையின் மகள். இருபத்திரண்டு வயது, செனாயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை, தோழிகளோடு வாடகை வீடு, வார இறுதியில் வீட்டுக்கு வருவாள். அவளுடைய அப்பா, அதாவது என் தங்கை கணவர், பள்ளி வேன் ஓட்டுகிறார். சுற்றியுள்ள எண்ணெய்ப் பனைத் தோட்டங்களிலிருந்து பத்தொன்பது பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டுக் கொண்டுவருவார். அந்த வேன்தான் வீட்டுக்கு அடுப்பு. வெளியிலிருந்து நடிகர் எதற்கு? அவர்களையே, அவர்கள் வீட்டிலேயே, அவர்கள் உடையிலேயே படமெடுப்பது என்று முடிவு செய்தேன். என் கல்லூரி மாணவர்கள் இருவர் கேமராவோடு வந்தார்கள்.

வானம் ஒத்துழைக்கவில்லை. சாஆவில் சூரியன் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. வீடும் ஒத்துழைக்கவில்லை. தீபாவளிக்கு அடித்த பச்சைச் சாயம் இன்னும் பளபளத்தது. நான் காறை பெயர்ந்த சுவர் கேட்டேன். தங்கை பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, சமையலறையில் கோலம் வேறு போட்டிருந்தாள்.

“இந்தச் சேலை வேணாம்மா. வீட்டுல சாதாரணமா கட்டுற மாதிரி, கொஞ்சம் பழசா...”

“ஏன்ணே? சொந்த அண்ணன் படம் எடுக்குறான், நான் கந்தலோட நிக்கணுமா? பாக்குறவங்க என்ன சொல்வாங்க, இந்த மனுஷன் எனக்கு ஒண்ணும் வாங்கிக் குடுக்கலன்னுல்ல சொல்வாங்க.”

கடைசியில் நைட்டிக்கு ஒப்புக்கொண்டாள். பெரிய தொலைக்காட்சியைப் போர்வை போட்டு மூடினோம். கார் துடைக்கும் துணியைத் திரைச்சீலையாகத் தொங்கவிட்டேன். ஒரு தொழிலாளியின் வீட்டை யதார்த்தமாக்க எனக்கு அரைநாள் ஆயிற்று.

மருமகளைப் பின்பக்கச் சுவரில் சாய்ந்து நிற்கச் சொன்னேன். நின்றாள். இன்னும் சோகமாக என்றேன். முயன்றாள். ஏழாவது முறை கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள்:

“மாமா, ஒண்ணு கேக்கவா? நான் அங்க லைன் லீடர். பன்னெண்டு பேரு என் கீழ. பாதி நாள் சிரிச்சு சிரிச்சு வயித்து வலி. இதுல நான் எதுக்கு எப்பவும் சுவத்தையே பாத்துக்கிட்டு நிக்கிறேன்?”

“அது ஒரு மரபும்மா.”

“யாரு மரபு?”

பதில் சொல்ல இங்கிலாந்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது, வெயில் அதிகம். அப்புறம் சொல்கிறேன் என்றேன்.

அடுத்து அப்பா பாத்திரம். என் தங்கை கணவர் பதினொரு வருடங்களாகத் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர். கல்யாண வீட்டில்கூடக் கிளாசைத் தொடாதவர். அவரைப் பார்த்து, மாப்பிள்ளை, நீங்கள் குடிகாரர் என்றேன்.

“அலமாக், மச்சான்! எனக்கு அது ஆகாதே.”

“நடிப்புதான் மாப்ளே. பாட்டில்ல தே ஓ ஊத்திக்கலாம்.”

தே ஓ என்பது பால் சேர்க்காத தேநீர், நல்ல விஸ்கி நிறத்தில் இருக்கும். அவர் அரைமனதாகத் தலையாட்டினார். வேனை விட்டு இறங்கி, கதவருகே தடுமாறி, மகளைத் திட்டிவிட்டு உள்ளே போக வேண்டும். அவ்வளவுதான் நான் சொல்லிக்கொடுத்தது.

கேமரா ஓடியதும் அவர் வேறு ஆளாகிவிட்டார். நிலைப்படியில் தோளை இடித்துக்கொண்டு நிலையிடமே மன்னிப்புக் கேட்டார். வலது செருப்பை இடது காலில் மாட்டப் பார்த்து, மாட்டிவிட்டதாக நம்பி, பெருமையோடு சிரித்தார். மகளைத் திட்ட வாயெடுத்து, திட்டு மறந்துபோய், அவள் பெயரை மூன்று தரம் மெதுவாகச் சொன்னார். கேமரா பிடித்த மாணவனின் கை நிஜமாகவே ஆடியது. தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான்தான் பிரமாதம் பிரமாதம் என்று கைதட்டினேன்.

போட்டிக்கு அனுப்புவதற்கு முன்னால் ஊருக்குக் காட்டு என்று தங்கை சொன்னாள். ஞாயிறு பிற்பகல் பொது மண்டபத்தில் போட்டோம். பன்னிரண்டு நிமிடம். ஜனங்கள் அமைதியாகப் பார்த்தார்கள். அந்த அமைதியை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை வேனில் ஐந்து பிள்ளைகள் குறைந்தன. காய்ச்சல் என்றார்கள். செவ்வாய்க்கிழமை யாரோ அந்த அப்பா காட்சியை மட்டும் வெட்டி வாட்ஸ்அப்பில் விட்டார்கள். ‘பிள்ளைகளை ஏற்றும் வேன் டிரைவரின் நிலை பாரீர்’ என்று மேலே ஒரு வரி. புதன்கிழமை வேனில் ஏறியவை ஏழு பிள்ளைகள். மருமகள் செனாயிலிருந்து என்னைப் போனில் கூப்பிட்டாள்.

“மாமா, அப்பா வேனை ரெண்டு தடவ கழுவிட்டாரு. பேச மாட்டேங்குறாரு. நீங்க வந்து சரி பண்ணுங்க.”

அன்று மாலையே போய், மண்டபத்தில் வேன் பிள்ளைகளின் தாய்மாரைக் கூட்டினேன். எழுந்து நின்று யதார்த்தவாதத்தை விளக்கினேன். இங்கிலாந்து, சுரங்கம், நெசவாலை, ஏழைகளின் உண்மையான முகம். என் குரல் வகுப்பறைக் குரலாக மாறுவது எனக்கே கேட்டது. முன்வரிசையில் ஒரு தாய் கையைத் தூக்கினார்.

“சார், நடிப்புன்னு சொல்றீங்க. வீடு அவர் வீடு. வேனு அவர் வேனு. சட்டை அவர் தினமும் போடுற சட்டை. பொண்ணு அவர் பொண்ணு. இதுல தண்ணி மட்டும் எப்படி சார் பொய்யாவும்?”

“அது தே ஓங்க.”

“தே ஓ குடிச்சா இப்படியா லா தடுமாறுவாங்க?”

இன்னொருவர் சேர்ந்துகொண்டார். “பாட்டு இருந்தா படம்னு தெரிஞ்சிருக்கும். ஒரு சண்டையாச்சும் வெச்சிருக்கலாம்ல?”

அந்த வகைப் படத்துக்கு உலகத்தில் யாரும் இதைவிடப் பெரிய பாராட்டு கொடுத்திருக்க முடியாது. என்னால் சந்தோஷப்பட முடியவில்லை. களைப்பாக இருந்தது. அந்தத் தாய்மார் முட்டாள்கள் இல்லை. பிள்ளையை ஒருவர் கையில் ஒப்படைப்பவர்கள். நான் உண்மை என்று சொல்லிக் காட்டினேன், அவர்கள் உண்மை என்று எடுத்துக்கொண்டார்கள்.

என் தங்கைதான் எழுந்தாள். “சரி. வெள்ளிக்கிழம முனீஸ்வரன் கோயில்ல சூடம் அணைச்சு சத்தியம் பண்ணா நம்புவீங்களா?”

தாய்மார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நம்புவோம் என்றார்கள். எரியும் சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சொன்ன சொல்லுக்கு மேல் அங்கே விசாரணை கிடையாது. தங்கை கணவர் எழுந்து, “நான் பண்றேன்” என்றார். முதல் தடவையாக அன்று வாய் திறந்தார்.

“நீங்க உக்காருங்க” என்றாள் தங்கை. “நீங்க என்ன தப்பு பண்ணீங்க? பொய் எடுத்தது எங்கண்ணன். அவனே அணைக்கட்டும்.”

நான் கோயிலுக்குப் போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன. கடவுளைப் பற்றிச் சந்தேகம் எழுப்பி மூன்று கட்டுரை எழுதியிருக்கிறேன். சரி என்றேன். போட்டியில் கலந்துகொள்ளவில்லை என்று மன்றத்துக்கு அன்றைக்கே எழுதிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை கோயிலுக்கு வேனிலேயே போனோம். பின்னிருக்கைகள் காலியாக இருந்தன. பாதி வழியில் அவர் சாலையைப் பார்த்தபடியே சொன்னார்:

“மச்சான், அந்தச் செருப்பு... கதவுகிட்ட மன்னிப்பு கேட்டது... அதெல்லாம் எங்கப்பா.”

சரியாகக் கேட்க ஜன்னல் கண்ணாடியை ஏற்றினேன்.

“தோட்டத்து லயத்து வீட்டுக்குத் தினமும் அப்படித்தான் வருவாரு. எம் பேர மூணு தரம் சொல்வாரு. அதான் நான் தொடுறதில்ல. எம் பொண்ணுக்குத் தெரியாது, தாத்தா நல்லவருன்னு சொல்லித்தான் வளத்தேன். நல்லவருதான்.” கியரை மாற்றினார். “அங்க போயி இத இழுத்துறாதீங்க. மனுஷன் போயிட்டாரு.”

கோயிலில் எல்லாரும் இருந்தார்கள். மருமகளும் செனாயிலிருந்து நேராக வந்து, தொழிற்சாலைச் சட்டையோடு ஓரமாக நின்றாள். பூசாரி தட்டில் சூடம் ஏற்றினார். அந்தச் சின்னத் தீக்கு முன்னால் என் படிப்பு முழுவதும் வரிசையில் நின்று, ஒவ்வொன்றாக நழுவியது. முனீஸ்வரன் சுருட்டோடும் அரிவாளோடும் என்னைப் பார்த்தார்.

“சொல்லுங்க சார்” என்றார் அந்த முன்வரிசைத் தாய்.

சொன்னேன். “இவரு குடிச்சது தே ஓ. இவரு குடிக்கிறவரு இல்ல. அந்தக் காட்சியில வந்ததெல்லாம் நானா கற்பன பண்ணி இவருக்குச் சொல்லிக்குடுத்தது. இது சத்தியம்.”

முதல் இரண்டு வாக்கியமும் உண்மை. மூன்றாவதைச் சொல்லும்போது தங்கை கணவர் தலை குனிந்திருந்தார். நான் எடுத்த பன்னிரண்டு நிமிடத்தில் உண்மையாக இருந்தது அந்த ஒன்றுதான். அதைத்தான் கற்பனை என்று தெய்வத்தின் முன்னால் சொன்னேன். உள்ளங்கையைச் சூடத்தின் மேல் அழுத்தினேன். அணைந்தது. ரொம்ப நேரம் எரிந்தது, என் கைதான்.

தாய்மாரின் முகங்கள் தளர்ந்தன. ஒருவர் தங்கையிடம் வந்து, மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் அக்கா என்றார். மருமகள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் கையில் ஊற்றினாள். அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி அப்பாவைப் பார்த்தாள். மூடியைத் திருகி மூடினாள்.

திங்கட்கிழமை காலை முன்னிருக்கையில் நானும் போனேன். ஊர் பார்க்கட்டும் என்று தங்கை அனுப்பினாள். முதல் தோட்டத்துச் சந்திப்பில் நான்கு பிள்ளைகள் நின்றார்கள். அடுத்ததில் ஆறு. எண்ணாமல் இருக்க முயன்றேன். முடிவில் பதினாறு வந்தன. மூன்று பேர் வேறு வேனுக்குப் போய்விட்டார்களாம்.

கடைசிச் சந்திப்பில் அந்த முன்வரிசைத் தாய் மகளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிள்ளையை ஏற்றிவிட்டு, ஓட்டுநர் பக்கம் வந்து, ஜன்னல் அருகே முகத்தைக் கொண்டுபோய்ப் பள்ளி எத்தனை மணிக்கு விடும் என்று கேட்டார். அவருக்குத் தெரியாத நேரமா? மூக்கு லேசாக விடைத்தது. தங்கை கணவருக்குப் புரிந்துவிட்டது. கோபப்படவில்லை. ஜன்னல் பக்கம் நன்றாகத் திரும்பி, வாயை அகலத் திறந்து, ஒவ்வொரு எழுத்துக்கும் மூச்சு விட்டு, “ஒரு மணிக்கும்மா” என்றார்.

அந்த அம்மா தலையாட்டினார். தங்கை கணவர் வேனை நகர்த்தினார்.

“அந்த அம்மா தினமும் கேக்குமா மாப்ளே?” என்றேன்.

“கேக்கும்” என்றார். “கொஞ்ச நாளைக்கு.”