அளவுக்கு வந்த மத்தி

சுனாமிக்கு இரண்டு வருஷம் கழித்து, போலகத்துக்குக் கிழக்கே கடற்கரையில் இருந்த எங்கள் குப்பத்துக்கு வாரம் ஒருமுறை ஓர் அக்கா வருவார். தலத்தெருவில் பஸ் ஏறி, ஸ்கேலும் சின்னத் தராசுமாக வந்து இறங்குவார். கடலில் மத்தி எவ்வளவு மிச்சமிருக்கிறது, எவ்வளவு பிடித்தால் தாங்கும் என்று கண்டுபிடிக்கிற வேலையாம். தண்ணீருக்குள் இருக்கிற மீனைக் கரையில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிற ஆளை அதுவரை நாங்கள் கண்டதில்லை.

"கையில வர்றத அப்படியே அள்ளிக் குடுங்க, பொறுக்க வேணாம்" என்பார். அப்படி யாராவது கொடுப்பார்களா? வீடு தேடி வந்தவருக்குப் பொடிமீனை நீட்டுகிற பழக்கம் எங்கள் பரம்பரையிலேயே கிடையாது. அப்பா பிடித்து வருவதை விற்கிற அத்தை, "பெருசாப் பாத்துப் பொறுக்குடி. நம்ம கடலு நோஞ்சானாப் போச்சுன்னு எழுதிடப் போறாங்க" என்று என் காதைக் கடிப்பாள். எனக்கு எட்டு வயது. முழங்கை வரை கூடைக்குள் விட்டுப் பொறுக்குவேன். அக்கா அளந்து எழுதிக்கொண்டு, மீனைத் திருப்பித் தந்துவிடுவார்.

வாரத்துக்கு வாரம், பொறுக்கும் நேரம் கூடிக்கொண்டே போனது. ஒருநாள் உச்சிவெயிலில் நாலு கூடையையும் கொட்டிக் கிளறினேன். என் உள்ளங்கையைத் தாண்டி நீண்ட மீன் ஒன்றுகூட இல்லை. ஒன்றை அமுக்கினேன், சினை பிதுங்கியது. இன்னொன்றிலும் அப்படியே. அம்மாடி! அத்தனை குஞ்சும் சினையாக இருந்தது. பெரிய மீனில்தான் அதுவரை சினை பார்த்திருக்கிறேன். எப்போதும் கூடையைச் சுற்றுகிற காக்கைகள்கூட அன்று இறங்கவில்லை. அத்தையும் பார்த்தாள். உள்ளே போய், ஐஸ் பெட்டியில் கிடந்த போன வாரத்துப் பெரிய மீன்களைக் கொண்டுவந்து வைத்தாள்.

"கண்ணெல்லாம் மங்கியிருக்கே?" என்றார் அக்கா.

"வெயிலுங்க" என்றாள் அத்தை.

வால் கிழிந்த ஒரு மீனை எனக்கு அடையாளம் தெரிந்தது. செத்து ஏழு நாளான அந்த மீன், கடலில் இருக்கிற மீனாக இரண்டாம் தடவை நோட்டில் ஏறியது. அக்கா அதை அளக்கும்போது அதன் வெள்ளைக் கண் என்னையே பார்த்தது.

கொஞ்ச மாதத்தில் அக்கா சிரித்த முகமாக வந்து, "மத்தி நல்லாத்தாங்க இருக்கு" என்றார். அப்பா இன்னொரு வலை வாங்கினார். மறுவருஷம் வலை துவைத்துப் போட்டதுபோல் சுத்தமாக வந்தது. மறுநாளும் அப்படித்தான். கடலுக்குப் போகாமல் கரை நிறைய ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். "அளந்து அளந்தே கண்ணு வச்சிட்டாங்க" என்று அத்தை முனகினாள்.

அக்கா பதறியடித்துக்கொண்டு வந்தார். நேராக என் முன்னால் குந்தினார்.

"பாப்பா, நீதான மீனெடுத்துக் குடுத்த? அள்ளிக் குடுத்தியா, பொறுக்கிக் குடுத்தியா? பயப்படாம சொல்லும்மா."

காலி வலையைப் பிடித்தபடி அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அள்ளித்தாங்க குடுத்தேன்" என்றேன், கணீரென்று.

அக்கா அதையும் எழுதிக்கொண்டார். அத்தை என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். வீட்டு மானத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பா மட்டும் ஏன் முகத்தைப் பொத்திக்கொண்டார் என்றுதான் விளங்கவில்லை.